முதலிடம் பிடித்த ஊர்

‘அமெரிக்காவில் குடியிருக்க லாயக்கில்லாத ஊர்கள்’ பட்டியலில் இந்த ஆண்டும் மில்ஃபோர்க்குக்குத்தான் முதலிடம். அப்படியும் பக்கத்து வீட்டை வாங்க ஒருவன் வந்து நிற்கிறானே! வெர்லீன் வேலிக்கு இந்தப் பக்கமிருந்து அவனை ஏற இறங்கப் பார்த்தாள்.

"இங்க குழாய்த் தண்ணி நாறும், தெரியுமா?"

"இணையத்துல படிச்சேன்."

"எலி பூனையவே தொரத்தும்!"

"அதையும் படிச்சேங்க."

"படிச்சுமா வாங்குறீங்க? போலீசு எதுவும் தேடுதா?"

அவன் சிரித்தான். "வெளியூர்க்காரன் வந்து வாடகைய ஏத்திடக் கூடாதுன்னு எங்க ஊரைப் பத்தி நாங்களும் இப்படித்தான் எழுதினோம். கொஞ்சம் அசந்தோம், பட்டியல்லேர்ந்து விழுந்துட்டோம். வாடகை ரெண்டு மடங்காயிடுச்சு. அந்த எலி பிரமாதம், நீங்க எழுதினதா?"

வெர்லீன் சுற்றுமுற்றும் பார்த்துவிட்டு வேலிக் கதவைத் திறந்தாள்.

"மெதுவா பேசுங்க! தண்ணிதான் நான் எழுதினது. எலி எங்க பாதிரியார் எழுதினது."