புறாத் தூசி

வேதவல்லியின் நுரையீரலைக் கழுவி எடுத்த நீரை இரண்டாம் முறையும் சோதித்துவிட்டு, டாக்டரம்மா அவள் புருஷன் சிகாமணியைத்தான் முறைத்தார். “காவல் அணுக்கள் இன்னும் கூட்டம் கூட்டமா நிக்குது. புறாத் தூசியை எதிரின்னு நெனச்சு அடிக்குது, அடி பூரா இவங்க நுரையீரலுக்கு. வீட்ல புறா இருக்கு.”

“சத்தியமா இல்லம்மா.”

நாற்பது பந்தயப் புறாக்களையும் மூன்று மாதத்துக்கு முன்பே சிநேகிதருக்குக் கொடுத்தாயிற்று. பழக்கம் விடாமல் மொட்டைமாடிக்குத் திரும்பி வந்தவற்றை, இறங்க விடாமல், அழுதுகொண்டே துண்டை வீசி விரட்டியிருக்கிறார்.

வீட்டுக்கு வந்ததும் மனைவியை வாசலிலேயே உட்கார வைத்துவிட்டு, முகத்தில் துணியைக் கட்டிக்கொண்டு ஓர் இறகாவது கிடக்கிறதா என்று தேடினார். மின்விசிறி, பரண், பீரோவின் பின்புறம். கடைசியில் அவள் தலையணை உறைக்குள் கை விட்டபோது அகப்பட்டது, புறாக்கூண்டுக்குள் போகையில் அவர் போடும் காக்கிச் சட்டை. எச்சக் கறைகூட அப்படியே இருந்தது.

“இதைத் தூக்கிப் போடச் சொன்னேனேடி!” என்று அதை வாசலுக்கு எடுத்து வந்தார்.

வேதவல்லி தலை நிமிரவில்லை. “இருபத்தாறு வருசமா இந்த வாசனையிலதான் தூங்குறேன். புறா போனதுலேர்ந்து நீங்க வெறும் சோப்பு வாசம் அடிக்கிறீங்க.”

வாளியில் சட்டையை முக்கியவர் வெகுநேரம் கையை வெளியே எடுக்கவில்லை. பிறகு வந்து அவளருகே உட்கார்ந்தார். அவள் அவர் தோளில் மூக்கை வைத்து முகர்ந்து பார்த்தாள்.

“யாரோ மாதிரி இருக்கீங்க,” என்றாள். மூக்கை மட்டும் எடுக்கவில்லை.