நெருக்கடியான கட்டம்

"இன்னொரு தடவை உங்க வாயிலேருந்து 'நெருக்கடியான கட்டம்'னு வந்துச்சு, ஞாயித்துக்கிழமை ஃபைனலுக்கு வேற ஆளைப் போட்டுடுவேன்!"

டிவி நிலையத்தின் மேலாளர் போட்ட சத்தத்தில், எதிரே நின்ற கிரிக்கெட் வர்ணனையாளர் ஓரடி பின்னால் நகர்ந்தார். கணீர்க் குரலுக்காக அலுவலகத்தில் எல்லோரும் அவரை 'வெண்கலம்' என்றுதான் கூப்பிடுவார்கள். ஒரு ஃபைனலுக்காவது குரல் கொடுத்துவிட வேண்டும் என்பது அவருடைய வாழ்நாள் ஆசை. இந்த வருடம்தான் அது கைக்கு எட்டியிருக்கிறது.

"சார், நேத்து ஒரே ஒரு தடவைதான் சொன்னேன்..."

"கதை விடாதீங்க! ஓவருக்கு ஓவர் அதேதானாம். அது இல்லேன்னா 'இனி எதுவும் நடக்கலாம்'. அதுவும் இல்லேன்னா 'அனல் பறக்கும் ஆட்டம்'. பார்க்கிறவங்க மெசேஜ் மேல மெசேஜா அனுப்பி என் உயிரை வாங்கறாங்க. இன்னிக்கு செமிஃபைனல்ல ஒண்ணு வந்தாலும் அவ்வளவுதான், சொல்லிட்டேன்."

வெண்கலம் முகத்தைத் தொங்கப் போட்டுக்கொண்டு வர்ணனை அறைக்குப் போனார். அங்கே மனைவியின் தங்கை, கணினி முன்னால் பிஸ்கட் பாக்கெட்டைப் பிரித்துக்கொண்டிருந்தாள். அவர் பேசுவதைத் திரையின் அடியில் எழுத்தாக ஓடவிடுவது அவள் வேலை. "கை மின்னல் வேகம் சார்" என்று அவர்தான் சிபாரிசு செய்து சேர்த்துவிட்டார். சேர்க்காமல் இருந்திருந்தால் வீட்டில் நிம்மதியாக ஒரு வாய் சாப்பிட்டிருக்க முடியாது.

"விடுங்க அத்தான். வேலை வெட்டி இல்லாதவங்க ஏதாவது சொல்லிக்கிட்டுதான் இருப்பாங்க. நீங்க எப்பவும் போலப் பேசுங்க."

"நீ சும்மா இரு. இன்னிக்கு எல்லாமே புத்தம் புதுசு!"

சொன்னபடியே செய்தார். நாக்கு நுனி வரை வந்துவிட்ட 'அனலை' ஒரு மடக்குத் தண்ணீரோடு விழுங்கினார். பந்து வீச வந்தவரைப் பார்த்து, "கடைசி பஸ் கிளம்பிடுச்சுன்னு தெரிஞ்சவர் மாதிரி ஓடி வர்றார்" என்றார். கேட்ச்சைக் கோட்டை விட்டவரை, "குளிக்கும்போது சோப்பை நழுவ விட்டவர் மாதிரி குனிஞ்சு தேடுறார்" என்றார். அவருக்கே சிரிப்பு வந்தது.

"அத்தான், கொஞ்சம் மெதுவா! இப்படிப் புதுசு புதுசா எடுத்து விட்டா எப்படி?" என்று மச்சினி முனகினாள்.

ஆனாலும் கெட்டிக்காரி. ஒரு கை பிஸ்கட்டில் இருக்க, மறு கையின் ஒற்றை விரலாலேயே ஈடுகொடுத்தாள். சிபாரிசு செய்தது வீண் போகவில்லை என்று வெண்கலத்துக்குப் பெருமையாக இருந்தது.

ஆட்டம் முடிந்தது. ஃபைனல் நமக்குத்தான் என்று காலரைத் தூக்கிவிட்டுக்கொண்டு வெளியே வந்தால், மேலாளர் தலையில் கை வைத்தபடி நின்றார்.

"என்னய்யா பண்ணி வெச்சிருக்கீங்க? இன்னிக்குதான் இருக்கிறதுலயே மோசமாம்! மெசேஜ் போட்டவங்க நேர்லயே வந்து வரவேற்பறையில உக்காந்திருக்காங்களாம்!"

வெண்கலத்துக்குக் கோபம் உச்சந்தலைக்கு ஏறியது. பழைய வார்த்தை ஒன்றுகூட வரவில்லையே! இப்படியும் ஒரு அநியாயம் உண்டா?

"நானே கேக்கறேன்!" என்று விறுவிறுவென்று நடந்தார். மேலாளர் பின்னாலேயே ஓடினார்.

வரவேற்பறையில் நாலைந்து பேர் சுவரில் இருந்த டிவியைப் பார்த்தபடி உட்கார்ந்திருந்தார்கள். அதில் செமிஃபைனலின் மறு ஒளிபரப்பு ஓடிக்கொண்டிருந்தது.

"மனசாட்சியைத் தொட்டுச் சொல்லுங்க!" என்று வெண்கலம் வாசலிலேயே வெடித்தார். "நான் அப்படிச் சொன்னதை இன்னிக்கு யாராவது உங்க காதால கேட்டீங்களா?"

ஒருவர்கூடத் திரும்பவில்லை. அவர் எதிரில் போய் நின்ற பிறகுதான், கண்ணாடி போட்ட ஒரு பெண்மணி நிமிர்ந்து பார்த்தார். தன் காதைத் தொட்டு, கேட்காது என்று கையை ஆட்டினார். பிறகு டிவியைக் காட்டினார்.

"வீரர்கள் தண்ணி குடிக்கிறாங்க" என்று அதில் வெண்கலத்தின் குரல் சொன்னது. அடியில் எழுத்து ஓடியது: 'நெருக்கடியான கட்டம்! இனி எதுவும் நடக்கலாம்! அனல் பறக்கும் ஆட்டம்!'