இடப்பக்கச் சாய்வு

முதல் தட்டை வாத்தியார் தொடவில்லை. குனிந்து பார்த்தார், அவ்வளவுதான்.

சோற்று உருண்டையின் மேல் ஆரஞ்சு நிறத்தில் மீன் துண்டு. அதன் வெள்ளைக் கோடுகள் இடப்பக்கமாகச் சாய்ந்திருந்தன.

இருக்கிறான். இன்றைக்கும் வேலைக்கு வந்திருக்கிறான்.

பிடித்து வைத்திருந்த மூச்சை விட்டார். அடுத்த தட்டை எடுத்துக்கொண்டார்.

ஜப்பானிய சுஷிக் கடையில் பதினோராம் நாற்காலி. சுவரில் சதுரமாக ஒரு ஓட்டை. அதில் தொங்கும் ரப்பர் திரையை விலக்கிக்கொண்டு தட்டுகள் நகரும் பெல்ட்டில் வரிசையாக வரும். திரைக்கு இதைவிடப் பக்கத்தில் வேறு நாற்காலி கிடையாது.

எட்டு மாதமாக, புதன்கிழமை தவறாமல், மதியம் மூன்று மணிக்கு அதில்தான் உட்காருகிறார். அந்த நேரத்தில் கடை ஈ ஓட்டும். பக்கத்து நாற்காலியில் பேச்சுத் துணைக்குக்கூட ஆள் இருக்காது.

வேகவைக்காத பச்சை மீன் அவருக்குக் குமட்டும். ஆனாலும் ஆறு தட்டு கணக்கு. மாத்திரை மாதிரி விழுங்கி, மேலே ஒரு மடக்கு டீ.

மகன் வீட்டை விட்டுப் போய் ஐந்து வருஷம். போன் நம்பரை மாற்றிவிட்டான். புது நம்பரைத் தேடிப் பிடித்து ஒரு தடவை கூப்பிட்டார். மறுநாளே அதையும் மாற்றிவிட்டான்.

பஸ் ஸ்டாப்பில் மாட்டிக்கொண்ட அவனுடைய நண்பன்தான் பாதி வாயைத் திறந்தான். "இதே ஊர்லதான் சார் இருக்கான். பெல்ட்டுல தட்டு சுத்துமே, அந்த மாதிரி ஒரு கடையில மீன் வெட்டுறான். நான் சொன்னேன்னு சொல்லிடாதீங்க."

ஊரில் அந்த மாதிரி கடைகள் மொத்தம் மூன்று. முப்பத்து நாலு வருஷம் கணக்குப் பாடம் நடத்தியவருக்கு மூன்றில் ஒன்றைப் பிடிப்பது பெரிய வித்தையா?

மற்ற இரண்டு கடைகளிலும் கோடுகள் வலப்பக்கம் சாய்ந்தன. அவற்றைக் கணக்கிலிருந்து அடித்துவிட்டார். இங்கே இடப்பக்கம். மகன் பிறவி இடதுகைக்காரன்; அவன் வெட்டினால் கோடு இப்படித்தான் சாயும்.

விடையைச் சரிபார்க்க ஒரு சனிக்கிழமையும் வந்து பார்த்தார். அன்று வலப்பக்கம். சனிக்கிழமை பையனுக்கு லீவு என்று வீட்டுக் காலண்டரில் வட்டம் போட்டார்.

நேரே உள்ளே போய்க் கூப்பிட்டிருக்கலாம். போன் நம்பரை மாற்றியவன் வேலையையும் மாற்றிக்கொண்டு போய்விட்டால்? அப்புறம் இந்தக் கோடுகூட மிஞ்சாது.

ஆனால் இன்றைக்குச் சொல்லி அனுப்பிவிடுவது என்று, இஸ்திரி போட்ட சட்டையோடு வந்திருந்தார்.

மேஜை துடைக்க வந்த பெண் வழக்கம்போல வாயடித்தாள். "என்ன சார், பொண்ணு பார்க்க வந்த மாப்பிள்ளை மாதிரி தட்டையே முறைக்கிறீங்க? மீனுக்கே வெக்கம் வந்துடும்."

எட்டு மாதத்தில் அவளை அவர் சரியாக நிமிர்ந்து பார்த்ததில்லை. கண் எப்போதும் திரை மேல்தான். இன்றும் அதைப் பார்த்தபடியே சொன்னார்.

"அம்மா, உள்ள மீன் வெட்டுறாரே, இடதுகைக்காரர்... அவர்கிட்ட ஒரு வார்த்தை சொல்லணும்."

"வெட்டுறவரா?" அவள் சிரித்துவிட்டாள். "துண்டு போட்ட மீனு பாக்கெட்ல வருது சார். சோத்தை மெஷின் உருட்டிடுது. எடுத்து மேல வெக்கிறது மட்டும்தான் எங்க வேலை. இந்தக் கடையில கத்தி பிடிக்க ஆளே கிடையாது."

வாத்தியார் தட்டைச் சுட்டிக் காட்டினார். "அப்ப இந்தச் சாய்வு?"

அவள் குனிந்து பார்த்தாள். சிரிப்பு போய்விட்டது. இடது கையில் இருந்த துணி சட்டென்று வலது கைக்கு மாறியது.

"நான்தான் சார் வெச்சேன். புதன்கிழமை உள்ள வெக்கிறதும் வெளிய துடைக்கிறதும் என் முறை. எனக்கு இடது கைப் பழக்கம், வெக்கிறப்ப துண்டு புரண்டுடுது போல. சூப்பர்வைசர்கிட்ட சொல்லிடாதீங்க சார். மாத்திக்கிறேன்."

மாத்திக்கிறேன்.

இதே வார்த்தையை ஏழு வயசுக் குரலில் அவர் கேட்டிருக்கிறார். "மாத்திக்கிறேன்ப்பா." வீங்கிய விரல்களை முதுகுக்குப் பின்னால் ஒளித்துக்கொண்டு. அன்றைக்கு வாத்தியார் கையில் மர ஸ்கேல் இருந்தது.

ரப்பர் திரை அசைந்தது. அடுத்த தட்டு வந்தது, போனது.

"வேணாம். மாத்திக்காதேம்மா," என்றார். மகனுக்காக எட்டு மாதம் ஒத்திகை பார்த்த குரல் அது.

ஒன்றும் புரியாமல் அவள் துணியோடு அடுத்த மேஜைக்கு நகர்ந்தாள்.

அவன் மாற்றிக்கொண்டான். மூன்றே மாதம். அப்புறம் எழுதியது, சாப்பிட்டது, கடைசி நாளில் கதவை அறைந்து சாத்தியது எல்லாமே வலது கையால்தான்.

வெளியே போனவன் பழைய கைக்குத் திரும்பியிருப்பான் என்று அவராகத்தான் முடிவு கட்டியிருந்தார்.

வலப்பக்கச் சாய்வு என்று அடித்துவிட்டு வந்த கடைகள் இரண்டு. உள்ளே வெட்டுவது யார் என்று ஒன்றில்கூட அவர் கேட்கவில்லை.