இரண்டு குழாய் மண்

மதிய வெயில் ஆய்வுக்கூடத்து ஜன்னல் கம்பிகளைத் தரையில் சாய்த்துப் போட்டிருக்கிறது. மேசைமேல் இரண்டு கண்ணாடிக் குழாய்கள் நிற்கின்றன. இரண்டிலும் தம்பியின் தோட்டத்து மண். இரண்டிலும் அவன் அடிக்கிற பூச்சிமருந்து, ஒரே அளவு. ஒன்றில் வெறும் தண்ணீர் இறங்குகிறது, மற்றதில் சோப்புத் தண்ணீர். அடியிலுள்ள குப்பிகளில் சொட்டுச் சத்தம் மாறி மாறிக் கேட்கிறது. அக்கா கணினித் திரையை அவன் பக்கம் திருப்புகிறாள். முதல் குப்பியில் இறங்கிய மருந்தின் அளவைக் காட்டும் கோடு அடியில் படுத்துக் கிடக்கிறது. இரண்டாவது செங்குத்தாக எழுந்து நிற்கிறது. “வெறும் தண்ணின்னா மண்ணு மருந்தைப் பிடிச்சு வச்சுக்குதுடா. சோப்பு சேர்ந்தா விட்டுடுது. அப்படியே கீழ போயிடுது.” தம்பி திரையைத் தொட்டுப் பார்க்கிறான். “மருந்து இலையில ஒட்டட்டும்னுதான் சோப்புத்தூள் கலந்தேன். எல்லாரும் அப்படித்தானே அடிக்கிறாங்க.” “எவ்வளவு போட்ட?” “துணிக்குப் போடுறதைவிடத் தாராளமா.” அவன் குரலில் ஏற்றமும் இல்லை, இறக்கமும் இல்லை. இரண்டாவது குப்பியில் ஒரு நுரை உப்பி, வெயிலில் நிறம் காட்டி, சத்தமில்லாமல் உடைகிறது.

அவள் ஒரு காலிக் குப்பியை எடுத்து, ‘கிணறு’ என்று எழுதி ஒட்டுகிறாள். “தோட்டத்துக் கிணத்துத் தண்ணி கொண்டுவரச் சொன்னேனே, எங்க?” “மறந்துட்டேன்க்கா.” மின்விசிறி சுற்றுகிறது. அவன் இரண்டாவது குழாயைப் பார்க்கிறான். பிறகு பையைத் திறந்து, வழியெல்லாம் குடித்துக்கொண்டு வந்த பாட்டிலை எடுத்து மேசைமேல் வைக்கிறான். “இது அந்தக் கிணத்துல மொண்டதுதான்,” என்கிறான். பாட்டிலில் கால்வாசி மீதி இருக்கிறது.