பாதியில் நின்ற பாட்டு

“எவன்டா அவன், என் சந்தாவில ஓசியில பாட்டுக் கேக்குறவன்? கையில சிக்கட்டும், கேட்டோட சேர்த்து அவனையும் வெல்டு வச்சிடுறேன்!”

பட்டறைக்காரர் போட்ட சத்தத்தில் செல்போன் கடைக்காரர் ஓர் அடி பின்னால் நகர்ந்தார். கருவிப் பெட்டியின் மேலிருந்த சின்ன வயர்லெஸ் ஸ்பீக்கர் பல்லவியை முடிக்காமலே வாயை மூடிக்கொண்டிருந்தது.

“கோபப்படாதீங்கண்ணே. உங்க கணக்குல ஒரே நேரத்துல ரெண்டு இடத்துல பாட்டு ஓடலாம். மூணாவதா ஒருத்தர் போட்டா, ஏற்கெனவே ஓடுறதுல ஒண்ணு நின்னுடும். இங்க பாருங்க, உங்க ஸ்பீக்கரைத் தவிர இப்ப இன்னும் ரெண்டு போன்ல பாட்டு ஓடுது.”

பக்கத்தில் இரும்புக் கேட்டுக்குப் பெயின்ட் அடித்துக்கொண்டிருந்த பட்டறைக்காரர் மனைவி, காதில் விழாதவள்போலப் பிரஷ்ஷை இன்னும் வேகமாக ஓட்டினாள். அந்த இரண்டு போன்களும் யாருடையவை என்று அவளுக்குத் தெரியும். ஒன்று அவள் தம்பியுடையது. இன்னொன்று மகளுடையது.

மகள் தனக்குப் பிடித்தவனைக் கல்யாணம் செய்துகொண்டு போனபோது, “இனி அவகூட ஒரு வார்த்தை பேசக் கூடாது” என்று மனைவியின் கையைத் தன் தலைமேல் வைத்துச் சத்தியம் வாங்கியவர் இந்த மனுஷன். பேசத்தானே கூடாது? தம்பி மூலமாகப் பாட்டுக் கணக்கின் பாஸ்வேர்டை மகளுக்கு அனுப்பிவிட்டாள். அனுப்பியதோடு தம்பி கை கழுவிவிட்டான். ஓசிப் பாட்டை மட்டும் விடவில்லை.

அன்றிலிருந்து மகள் கேட்கும் பாட்டெல்லாம், அதே கணக்கு இருந்த அம்மாவின் போனிலும் தெரியும். சோகப் பாட்டென்றால் அன்று இவளுக்குச் சோறு இறங்காது. போன மாதம் திடீரென்று ஒரே தாலாட்டாக வந்தது. கையிலிருந்த பிரஷ்ஷைப் போட்டுவிட்டு ஓவென்று அழுதாள். மகளுக்குப் பிள்ளை பிறந்ததை இப்படியா ஒரு தாய் தெரிந்துகொள்ள வேண்டும்!

“அது யாரு யாருன்னு உனக்குத் தெரியுமா?” அவர் சட்டென்று இவள் பக்கம் திரும்பினார்.

“எனக்கென்ன தெரியும்?”

“பாஸ்வேர்டை மாத்திட்டா ரெண்டு பேருமே வெளியே போயிடுவாங்கண்ணே” என்றார் கடைக்காரர்.

“மாத்து!”

“வேண்டாங்க. யாரோ பாட்டுதானே கேக்குறாங்க? குடியா முழுகிப் போச்சு?”

“நீ வாயை மூடிக்கிட்டுப் பெயின்ட்டை அடி!”

புதிய பாஸ்வேர்டை அவரே கையால் மறைத்துக்கொண்டு போட்டார். இவள் போனிலும் பாட்டு ஆப் இவளை வெளியே தள்ளிவிட்டது. ஸ்பீக்கர் மட்டும் ஜம்மென்று பாடியது. அதைத் தூக்கித் தண்ணீர்த் தொட்டியில் போட்டால் என்ன என்று இவளுக்குப் பற்றிக்கொண்டு வந்தது. பெற்ற மகளிடம் இப்படியும் ஒரு கல்நெஞ்சமா?

மறுநாள், “ஜன்னல் கிரில்லுக்கு அளவெடுக்கப் போறேன்” என்று டேப்பை எடுத்துக்கொண்டு அவர் கிளம்பினார். தெருமுனை தாண்டும்வரை பார்த்துக்கொண்டே நின்றாள். ஒரு மணி நேரம் மனசோடு மல்லுக்கட்டினாள். சத்தியமாவது மண்ணாங்கட்டியாவது! போனை எடுத்து மகளை அழைத்தே விட்டாள்.

“அம்மா... நீயா?”

“நான்தான்டி! உங்கப்பன் பாவி, பாட்டையும் நிறுத்திட்டாரே! பச்சைப் பிள்ளை தாலாட்டு இல்லாம எப்படிடீ தூங்கும்? இன்னைக்கு வீட்டுக்கு வரட்டும், இனி அந்த மனுஷனோட ஒரு நாள்கூடக் குடித்தனம் பண்ண மாட்டேன்!”

மறுமுனையில் மகளுக்குப் பின்னால் தாலாட்டு ஓடிக்கொண்டிருந்தது, தெளிவாகவே கேட்டது.

“கத்தாதம்மா, இப்பதான் கண் அசந்திருக்கான்” என்று கிசுகிசுத்தாள் மகள். “மாமா நடுவுல பாட்டுப் போட்டா இங்க தாலாட்டு நின்னு போய், இவன் வீல்னு அலறுறான். அதான் அப்பா பாஸ்வேர்டை மாத்தி, நேர்லயே வந்து என் போன்ல போட்டுக் கொடுத்தார். இப்பவும் வழக்கம்போல உள்ளே பேரனை மடியில போட்டுக்கிட்டு உக்காந்திருக்கார். நான் சொன்னதாக் காட்டிக்காதே... உன்கூட ஒரு வார்த்தை பேசக் கூடாதுன்னு என்கிட்டயும் சத்தியம் வாங்கியிருக்கார்!”