வேர் மேசை

ஜெகதளாச் சரிவில் பனி விலகி வெயில் ஏறுகிறது. பச்சைத் தேயிலைக்கு விலை கிடைக்காமல் சுசீலா தன் தோட்டத்தில் பிடுங்கிப் போட்ட செடிகள் வேர் மேலாகக் கிடக்கின்றன. அவற்றை வாங்க வந்த மரப்பட்டறைக்காரன் கீர்த்திவாசனின் கண்ணுக்கு ஒவ்வொரு வேரும் கண்ணாடிப் பலகையைத் தாங்கும் மேசைக்காலாகத் தெரிகிறது. ஊட்டி விடுதிகளில் இப்போது வேர் மேசைக்குத்தான் கிராக்கி. சீட்டியடித்தபடி அவன் வேர்களை வண்டியில் ஏற்றுகிறான். சுசீலா ஒவ்வொன்றையும் முந்தானையால் துடைத்துக் கொடுக்கிறாள். “விடுங்கக்கா, பட்டறையில கழுவிக்குவோம்” என்கிறான். “இருக்கட்டுங்க தம்பி. நல்ல ஊட்டுக்குப் போறதுங்க, மண்ணோட அனுப்புனா நல்லாவா இருக்கும்?” சாய்ந்த செடியொன்றில் கொழுந்து இன்னும் நிமிர்ந்திருக்கிறது. பழக்கத்தில் அவள் விரல்கள் அதைக் கிள்ளிவிடுகின்றன. போடக் கூடையில்லாமல் உள்ளங்கைக்குள் மூடிக்கொள்கிறாள். அவன் போன் அடிக்கிறது. கையெல்லாம் மண் என்பதால் ஸ்பீக்கரைத் தட்டிவிட்டு வேரைத் தூக்குகிறான். கூட்டாளியின் குரல் சரிவெங்கும் கேட்கிறது: “கீர்த்தி, இலை வெலை இன்னும் எறங்கீருச்சாம்! இனி எல்லாருமே செடியப் பிடுங்குவாங்க. மருதமலையில நீ வேண்டிக்கிட்டது பலிச்சிருச்சுடா!” கீர்த்திவாசனின் காது மடல் சுடுகிறது. இரண்டு கையிலும் வேர். போனை அணைக்க முடியவில்லை, திரும்பிப் பார்க்கவும் முடியவில்லை. முதுகுக்குப் பின்னால், அடுத்த வேரை முந்தானை துடைக்கும் சத்தம் நிற்காமல் கேட்கிறது.