பொங்கவிடாத அடுப்பு

தரங்கம்பாடியில் எங்கள் வீட்டைக் கடல் கொண்டுபோன பிறகு, ஓசூர் மேட்டில் ஒரு வீடு ஒதுக்கினார்கள். குடிபோன அன்று காலை என் மனைவி தாட்சாயணி பால் காய்ச்சினாள். பால் விளிம்புவரை ஏறியது. பொங்கப்போகும் நேரத்தில் அடுப்பு தானாக அணைந்தது.

“பால் காய்ந்துவிட்டது. இதற்குமேல் மின்சாரம் வீண்,” என்றது வீடு.

மறுபடி வைத்தோம், மறுபடி அணைந்தது. இன்னும் ஒரே ஒரு தடவை என்று சுவரைப் பார்த்துக் கெஞ்சினேன். “இன்றைய மின்சாரம் தீர்ந்தது,” என்று மின்விசிறியையும் நிறுத்திவிட்டது.

தாட்சாயணிக்கு இது ஏழாம் மாதம். “பால் பொங்காத வீட்ல எப்படிங்க புள்ளைய வளக்கறது?” என்று அழுதாள்.

எதிர்வீட்டு அக்கா எட்டிப்பார்த்தார். “கரண்டியால மொண்டு விளிம்புல ஊத்திவிடும்மா. இந்தத் தெருவுல எல்லார் வீட்லயும் அப்படித்தான் பொங்குச்சு.”

ஊற்றினாள். ஆறிய பால் பாத்திரத்தின் பக்கவாட்டில் வழிந்து அடுப்பில் தேங்கியது.

“பொங்கிடுச்சுல்ல?” என்று என் முகத்தைப் பார்த்தாள்.

கடலுக்குள் கிடக்கும் எங்கள் பழைய வீட்டில், குடிபோன அன்று பால் நிஜமாகவே பொங்கி வழிந்திருந்தது.

“பொங்கிடுச்சு,” என்றேன்.